சென்னைக் கலங்கரை விளக்கம்: மலைப் பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி பக்கத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுதோறும் சென்னைக்குக் கூட்டிப்போவது எங்கள் வழக்கம். வண்டலூர் பற்றி யாரும் பெரிதாகக் கேட்பதில்லை; புலி, யானை எல்லாம் இவர்களுக்குப் பழகின விஷயம். கலங்கரை விளக்கம் என்றதும்தான் கேள்வி ஆரம்பிக்கும். பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மா, வண்டி ஓட்டும் அண்ணன், இலை எடுக்கிற பாட்டிகள் என்று ஒருவர் பாக்கி இல்லை. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்க முடியாததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். எளிதானவை முதலில், வம்பானவை பிறகு.

மிஸ், லைட் அடிச்சு கப்பலுக்குப் பாதை காட்டுமா? ரோட்டு விளக்கு மாதிரியா?

இல்லை. ரோட்டு விளக்கு தரையைக் காட்டும். கலங்கரை விளக்கம் தன்னைத்தான் காட்டும். கடலில் வெளிச்சம் விழுந்து பாறை தெரிகிற வேலை அங்கே நடப்பதில்லை. கப்பலில் இருப்பவருக்கு "இதோ, இந்த இடத்தில் கரை இருக்கிறது, இது இன்ன ஊர்" என்று தெரிந்தால் போதும். திசைகாட்டியை வைத்து அந்த விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, வரைபடத்தில் கோடு போட்டு, தான் இருக்கும் இடத்தை அவரே கணக்கிட்டுக்கொள்வார். இரண்டு விளக்குகள் ஒரே நேரத்தில் தெரிந்தால் இரண்டு கோடு. கோடுகள் வெட்டும் இடத்தில் கப்பல்.

சென்னையில மொத்தம் எத்தனை கலங்கரை விளக்கம்? ஒருத்தர் ஒண்ணுங்கறார், ஒருத்தர் நாலுங்கறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். இன்று எரிவது ஒன்று, மெரினாவில் இருப்பது. இதற்கு முன் மூன்று இடங்களில் எரிந்திருக்கிறது. முதலாவது 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மாடியில். இரண்டாவது 1844 ஜனவரி 1 முதல், இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கருங்கல் தூணில். மூன்றாவது 1894 முதல், அதே உயர் நீதிமன்றத்தின் உயரமான கோபுரத்தில். நான்காவது 1977 ஜனவரி முதல் மெரினாவில்.

பழைய மூன்றும் இடிக்கப்படவில்லை. விளக்குதான் அணைந்ததே தவிர கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. ஒரே நாளில் நான்கையும் கண்ணால் பார்த்துவிடலாம் என்பதால்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போக இதைத் தேர்ந்தெடுத்தேன்.

கோட்டைக்குள்ள எந்தக் கட்டடம்? இப்ப போனா பார்க்கலாமா?

கோட்டை அருங்காட்சியகம் இருக்கும் அதே கட்டடம்தான். 1790-களில் வணிகர்கள் கூடிப் பேசவும், சரக்கு ஏலம் விடவும் கட்டியது. மாடியில் பெரிய கூடம், கீழே கிடங்கு. கூரைமேல் விளக்கு. நாணயம், துப்பாக்கி, ஓவியம் எல்லாம் பார்க்கலாம். கூரைக்கு மேலே விட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைக் கவனிக்காமல் போய்த் திரும்பியவர்கள் உண்டு. உள்ளே போகச் சோதனை இருக்கும், அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

கோட்டை மேல விளக்கு வச்சாங்கன்னு சொல்றீங்க, அங்கிருந்து கடல் எங்கயோ இருக்கே டீச்சர்?

நல்ல கேள்வி. ஒரு பெற்றோர் கோட்டை வாசலில் நின்றுகொண்டே போன் போட்டு இதைக் கேட்டார். கோட்டை கட்டின காலத்தில் கடல் அவ்வளவு தூரத்தில் இல்லை. அலை மதில் பக்கமே வந்து போனது. பழைய ஓவியங்களைப் பார்த்தால் கோட்டைச் சுவரும் அலையும் படகும் ஒரே சட்டத்துக்குள் இருக்கும்.

கடல் தள்ளிப்போகக் காரணம் துறைமுகம். இந்தக் கரையோரமாக மணல் ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மொத்தத்தில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே. 1876-இல் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் போட ஆரம்பித்தார்கள். நகர்ந்து வந்த மணல் அந்தச் சுவரில் முட்டி, தெற்கே தேங்கத் தொடங்கியது. அப்படிச் சேர்ந்த மணல்தான் இன்று நாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து நடந்து கால் வலிக்கும் அந்த அகலமான மெரினா. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் மணல் வராமல் போய்க் கடல் கரையைத் தின்றது. அங்கே பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஒரே சுவர், ஒரு பக்கம் கொடுத்தது, மறுபக்கம் எடுத்துக்கொண்டது.

1796-க்கு முன்னாடி கப்பல் எப்படித்தான் வந்துச்சு? இங்கிலீஷ்காரன் அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துட்டானே?

ஆமாம், 1639-இல் இடம் வாங்கிவிட்டார்கள். அதிலிருந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சென்னையில் கலங்கரை விளக்கம் கிடையாது. அதைவிட ஆச்சரியம், துறைமுகமும் கிடையாது. இது பிள்ளைகளுக்கு நம்ப முடியாத செய்தி. கப்பல் கரைக்கு வராது. திறந்த கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆளும் சரக்கும் கரைக்கு வரவேண்டும் என்றால் மசூலாப் படகுதான்.

மசூலாப் படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆணியே அடிக்காத படகு. பலகைக்குப் பலகை துளை போட்டுத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். சென்னைக் கரையில் அலை ஒன்றன்பின் ஒன்றாக உடையும். ஆணி அடித்த விறைப்பான படகு தரையில் மோதினால் பலகை பிளந்துவிடும். தைத்த படகு அடி விழும்போது வளைந்து கொடுக்கும். தண்ணீர் கசியத்தான் செய்யும், அதை ஒருவர் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே இருப்பார். படகு கூடப் போக முடியாத அளவு அலை இருந்தால், கட்டுமரத்துக்காரர்தான் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோவார். ஆளுநராக இருந்தாலும் இந்தக் கரையோர மீனவரை நம்பித்தான் இறங்க வேண்டியிருந்தது.

இரவில் வந்த கப்பல் பெரும்பாலும் தள்ளி நின்று விடியக் காத்திருக்கும். வடகிழக்குப் பருவம் தொடங்கும் அக்டோபர் நடுவில் கோட்டைக் கொடியை இறக்கிவிடுவார்கள். இனி இங்கே நிற்பது ஆபத்து என்று அதற்கு அர்த்தம். இப்படியே ஓட்டியவர்கள், வியாபாரம் பெருகியதும்தான் விளக்கு வைத்தார்கள்.

தேங்காய் எண்ணெயில எரிஞ்சுதுன்னு சொல்றாங்களே, உண்மையா? சமையலுக்கே பத்தாதே!

உண்மை. கோட்டை விளக்கு தேங்காய் எண்ணெயில் திரி போட்டு எரித்ததுதான். அன்று மண்ணெண்ணெய் புழக்கத்துக்கே வரவில்லை, மின்சாரம் அதற்கும் பிறகு. எந்த ஊரில் எது மலிவோ அந்த எண்ணெய். ஐரோப்பாவில் திமிங்கிலக் கொழுப்பு எரித்தார்கள், நமக்குத் தென்னை.

ஒரு திரி விளக்கின் வெளிச்சம் எவ்வளவு இருந்துவிடும் என்ற சந்தேகம் நியாயமானது. ஒன்றுக்குப் பதில் பல திரிகள். காற்றிலும் மழையிலும் அணையாமல் கண்ணாடிக் கூடு. அந்தக் கண்ணாடியில் புகைக்கரி படியும், துடைத்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். சுற்றிலும் வேறு வெளிச்சமே இல்லாத இருட்டு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஹைகோர்ட் காம்பவுண்டுல ஒரு ஒத்தைத் தூண் நிக்குதே, அது கொடிமரமா, நினைவுத் தூணா?

அதுதான் இரண்டாவது கலங்கரை விளக்கம். நீதிமன்றம் அங்கே வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே நின்றது. சென்னைப் படையின் பொறியாளர் கேப்டன் ஜே. டி. ஸ்மித் வடிவமைத்தார். 1838-இல் தொடங்கிய வேலை 1843-இல் முடிந்து, அடுத்த புத்தாண்டு நாளில் விளக்கு எரிந்தது. ஸ்மித் சுண்ணாம்பு, சாந்து பற்றி விஷயம் தெரிந்தவர். பிற்பாடு சென்னை நாணயச் சாலைக்கும் தலைவராக இருந்தார்.

கிரேக்கக் கோயில் தூணைத் தனியாகப் பெயர்த்து வந்து நட்டது போல இருக்கும். அடியில் பருத்து மேலே போகப் போகச் சிறுக்கும், உள்ளே சுழல் படி. எனக்கு நான்கிலும் பிடித்தது இதுதான். ஆனால் பக்கத்தில் சிவப்புக் கோபுரங்கள் கண்ணைப் பறிப்பதால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நீதிமன்றம் நடக்கும் வளாகம் என்பதால் உள்ளே போய் நின்று பார்க்க அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

நல்லா இருந்த தூணை விட்டுட்டு கோர்ட்டு உச்சியில போய் ஏன் விளக்கு வச்சாங்க? ஜட்ஜுக்குத் தொந்தரவு இல்லையா?

உயரம்தான் காரணம். உயர் நீதிமன்றக் கட்டடம் 1892 ஜூலையில் திறக்கப்பட்டது. அதன் பெரிய கோபுரம் பக்கத்திலிருந்த தூணைவிட உயரமாக எழும்பிவிட்டது. தூணின் விளக்கை மறைக்கவும் செய்யும், அதைவிட உயரமான இடம் சும்மா கிடக்கவும் செய்யும் என்றால், விளக்கை மேலே ஏற்றுவதுதானே புத்திசாலித்தனம்? 1894 ஜூன் முதல் அங்கே எரிந்தது. 1977 வரை, எண்பது ஆண்டுக்கு மேல். நான்கில் அதிக காலம் எரிந்தது இதுவே.

தொந்தரவு ஒன்றும் இல்லை. நீதிமன்றம் பகலில், விளக்கு இரவில்.

எம்டன் கப்பல் குண்டு போட்டப்போ கோர்ட்டு விளக்கு எரிஞ்சுதா? அணைச்சிருந்தா தப்பிச்சிருக்கலாமே?

எரிந்துகொண்டுதான் இருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. போர் எங்கோ ஐரோப்பாவில் நடப்பதாக ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் ஒன்பதரை மணி வாக்கில் கரைக்கு அருகே வந்து, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனித் தொட்டிகளைச் சுட்டது. தொட்டிகள் தீப்பிடித்தன. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டு, கரையிலிருந்து பதிலடி சரியாகத் தொடங்குவதற்குள் கிளம்பிவிட்டது.

கலங்கரை விளக்கம் நண்பன், எதிரி பார்க்காது. சமாதான காலம் போலவே எரிந்த விளக்கு எம்டனுக்கும் வழி சொல்லியது. இதை அந்தக் கப்பலில் இருந்த அதிகாரியே பின்னாளில் எழுதிவைத்தார். அணைத்திருந்தால் இலக்கைக் கண்டுபிடிப்பது சிரமமாகியிருக்கும் என்று நானும் நினைக்கிறேன். உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் அந்தத் தாக்குதலைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. ரோட்டில் நின்றே பார்க்கலாம். எம்டன் அதே நவம்பரில் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிவாங்கித் தரைதட்டியது.

மெரினா விளக்கு எவ்வளவு உயரம்? ஏன் வட்டமா இல்லாம மூணு மூலையா இருக்கு?

கோபுரம் மட்டும் சுமார் 46 மீட்டர். விளக்கு எரியும் இடம் கடல் மட்டத்திலிருந்து 57 மீட்டர். பதினொரு மாடி. கான்கிரீட்டில் மூலைகளை உருட்டிவிட்ட முக்கோண வடிவம், 1970-களின் கட்டடக் கலை அப்படி. வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. பழைய காலத்தில் கல்லால் கட்டியபோது காற்றைத் தாங்க வட்டம் வசதி, அவ்வளவுதான்.

மேல ஏற விடுவாங்களா? பாட்டிக்கு முட்டி வலி, படி ஏற மாட்டாங்க.

விடுவார்கள். பாட்டியைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள், லிப்ட் இருக்கிறது. லிப்ட் உள்ள கலங்கரை விளக்கம் உலகத்திலேயே அபூர்வம். ஒன்பதாவது மாடியில் பார்வையாளர் இடம். அதற்கு மேலே ரேடாரும் விளக்கும் இருப்பதால் போக முடியாது. பாதுகாப்புக் காரணத்துக்காகப் பல வருடம் பூட்டிக் கிடந்து, 2013 நவம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். திங்கட்கிழமை விடுமுறை, மதியம் இடைவேளை விடுவார்கள். நேரமும் கட்டணமும் மாறுவதால் கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள்.

மேலே காற்று பலமாக இருக்கும். தொப்பி, துப்பட்டா பத்திரம். வடக்கே பார்த்தால் துறைமுகத்துக்கு வெளியே முறை வருவதற்காகக் காத்து நிற்கும் கப்பல்கள் தெரியும். இறங்கியதும் எங்கள் பிள்ளைகள் அதிகம் பேசுவது அந்தக் கப்பல்களைப் பற்றித்தான்.

சிவப்பு வெள்ளைப் பட்டை ஏன்? கட்சிக் கொடியா?

கட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பகலில் விளக்கு உதவாது, கோபுரம்தான் அடையாளம். பின்னால் வெள்ளையும் சாம்பலுமாய்க் கட்டடங்கள் நிற்கும் நகரத்தில் தனியாக எடுத்துக் காட்ட சிவப்புப் பட்டை. எந்தக் கோபுரம் என்ன நிறம், என்ன வடிவம் என்று மாலுமிகளின் கையேட்டில் எழுதியிருக்கும். பெயின்ட் மாற்றினால் அங்கேயும் மாற்ற வேண்டும்.

ராத்திரி பார்த்தேன், ரெண்டு தடவை மின்னிட்டு நின்னு போகுது, மறுபடி மின்னுது. பல்பு ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, அதுதான் அதன் கையெழுத்து. சென்னை விளக்கு பத்து விநாடிக்கு ஒருமுறை இரண்டு மின்னல் மின்னும். கடிகாரத்தை வைத்து எண்ணிப் பாருங்கள். பக்கத்துக் கரையில் இருக்கும் வேறு விளக்கு வேறு கணக்கில் மின்னும். எல்லாமே சும்மா எரிந்துகொண்டிருந்தால் எது சென்னை, எது அடுத்த ஊர் என்று கடலில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

பல்பு அணைந்து அணைந்து எரிகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது எரிந்துகொண்டேதான் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கண்ணாடி வில்லைதான் சுழலும். சிதறிப் போகும் ஒளியை அந்த வில்லை ஒன்றுசேர்த்துக் கற்றையாக அனுப்புகிறது. கற்றை நம் கண்ணைக் கடக்கும் நொடியில் மின்னல், கடந்ததும் இருட்டு. பட்டை பட்டையாகக் கண்ணாடி வளையங்களை அடுக்கி இப்படிச் செய்யலாம் என்று 1820-களில் காட்டியவர் ஃபிரெனல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். முழுக் கண்ணாடியில் இதே வேலைக்கு வில்லை செய்தால் எடை தாங்காது.

28 கடல் மைல் தெரியும்னு போட்டிருக்காங்க. அப்ப படகுல 50 கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் தெரியணுமே? எங்க மாமா தெரியலைங்கறார்.

மாமா சொல்வது சரி. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், 28 கடல் மைல் என்றால் சுமார் 52 கிலோமீட்டர். இது விளக்கின் பலம். கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் இன்னொரு தடையைத் தாண்ட வேண்டும், அது பூமியின் வளைவு.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கே போதும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.6-ஆல் பெருக்கினால், அந்த உயரத்திலிருந்து அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். விளக்கு 57 மீட்டர்: அடிவானம் 27 கிலோமீட்டர். மாமாவின் கண் படகில் 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் அவருக்கு 6 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 33. அதைத் தாண்டினால் விளக்கு தண்ணீருக்குக் கீழே போய்விடும். பெரிய கப்பலில் 35 மீட்டர் உயரத்தில் நிற்கும் மாலுமிக்கு 21 கிலோமீட்டர், கூட்டினால் 48. காற்று ஒளியைச் சற்றுக் கீழே வளைப்பதால் இன்னும் கொஞ்சம் கிடைத்து, 52-ஐத் தொட்டுவிடும்.

அப்படின்னா தொட்டபெட்டா மேல நின்னா சென்னை லைட் தெரியுமா மிஸ்? அதுதான் 2,637 மீட்டர் உயரம் ஆச்சே!

ஆண்டுதோறும் ஒருவராவது கேட்காமல் விடமாட்டார். மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். தொட்டபெட்டாவின் அடிவானம் சுமார் 185 கிலோமீட்டர். விளக்கின் 27-ஐச் சேர்த்தால் 212. சென்னை நேர்க்கோட்டில் 400 கிலோமீட்டருக்கு மேல். ஏறக்குறைய பாதி தூரம்தான் எட்டும். நடுவில் சேர்வராயன், ஜவ்வாது மலைகள் வேறு.

உடனே அடுத்த கேள்வி: கேரளாப் பக்கம் கடல் கிட்டத்தானே? ஆமாம், தொட்டபெட்டாவிலிருந்து கோழிக்கோடு கரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான், கணக்குப்படி பார்வைக்குள் இருக்கிறது. ஆனால் இங்கே இடிப்பது விளக்கின் பலம். 52 கிலோமீட்டருக்குச் செய்த விளக்கு 100 கிலோமீட்டர் தள்ளி இருப்பவன் கண்ணுக்கு எட்டாது. படகு மாமாவுக்கு வளைவு தடை, நமக்கு தூரம் தடை. இரண்டும் வேறு வேறு என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டால் எனக்குப் போதும்.

மூடுபனியில என்ன பண்ணுவாங்க? லைட்டை அதிகமாக்குவாங்களா?

இதை மலைக்காரர்கள்தான் கேட்பார்கள், சமவெளியில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கட்டபெட்டு வளைவில் பனி இறங்கும்போது பஸ் டிரைவர் ஹெட்லைட்டை உயர்த்தினால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும், இல்லையா? கடலிலும் அதே கதை. விளக்கின் பலத்தைக் கூட்டிப் பயனில்லை. பனி அதிகமுள்ள குளிர்நாட்டுக் கடற்கரைகளில் சங்கும் மணியும் பீரங்கியும் வைத்து ஒலியால் எச்சரித்தார்கள். இப்போது ரேடார். கப்பலின் ரேடார் அலை பட்டதும் பதில் அனுப்பித் திரையில் அடையாளம் காட்டும் கருவிகளும் கலங்கரை விளக்கங்களில் உண்டு.

இப்பத்தான் ஜிபிஎஸ் வந்துடுச்சே, இன்னும் எதுக்கு இதுக்குச் செலவு?

பெரிய கப்பல் விளக்கை மட்டும் நம்பி வருவதில்லை, அது உண்மை. ஆனால் ஜிபிஎஸ் வேறு நாட்டின் செயற்கைக்கோள். அந்தக் குறிப்பலையை வேண்டுமென்றே குழப்ப முடியும், கருவியும் பழுதாகும். ஜன்னல் வழியே கண்ணால் பார்த்துச் சரிபார்க்க ஒன்று இருந்தால் எந்த மாலுமியும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். சின்னப் படகுக்காரர் இரவில் ஊர் திரும்ப இன்றும் அதைத்தான் பார்க்கிறார்.

செலவு பற்றி: இந்தியத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிடம் விளக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். 1927-இல் வந்த கலங்கரை விளக்கச் சட்டத்திலேயே இது உண்டு. 2021-இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்தது. பழைய சட்டம் பிறந்ததை வைத்துத்தான் செப்டம்பர் 21-ஐ நம் நாட்டில் கலங்கரை விளக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்ததா? நம்மாளுங்க கப்பல் ஓட்டலையா?

கோட்டை மேல் வைத்தது அவர்கள். விளக்கு வைக்கும் பழக்கம் அவர்கள் கொண்டுவந்ததில்லை. காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற துறை வருகிறது. அங்கே வானத்தைத் தாங்க நட்ட தூண் போல் ஒரு மாடம், ஏற முடியாத உயரம், ஏணி சாத்தியிருக்கிறது, கூரை வேயவில்லை, இரவில் உச்சியில் தீ மூட்டிக் கடலில் ஓடும் கலங்களை அழைக்கிறார்கள். இன்றைக்கு ஒரு பொறியாளரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்: உயரம், ஏறும் வழி, திறந்த உச்சி, இரவு முழுக்க நெருப்பு.

சிலப்பதிகாரத்தில் புகார்க் கடற்கரை இரவில் எரியும் விளக்குகளை வரிசையாகச் சொல்லும் இடம் உண்டு. அப்பம் விற்பவர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, மீன்படகின் விளக்கு, நடுவில் கலங்கரை விளக்கம். வகுப்பில் இதைப் படித்துவிட்டு மெரினா இரவுச் சந்தையைக் காட்டினால் பிள்ளைகள் தாங்களே பஜ்ஜிக் கடை விளக்கையும் சேர்த்துக்கொள்வார்கள்.

மகாபலிபுரத்துல கோயில் மேலயே லைட் வச்சிருந்தாங்களாமே? சாமி கோயில்ல அப்படிச் செய்யலாமா?

செய்தார்கள். பாறை மேல் இருக்கும் பல்லவர் காலத்து ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் கூரையில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விளக்கு எரிந்தது. பக்கத்திலேயே கருங்கல்லில் தனிக் கோபுரம் கட்டி முடித்ததும் விளக்கு அங்கே போனது. அந்தக் கோபுரம் இன்றும் வேலை செய்கிறது, படி ஏறிப் பார்க்கலாம், இங்கே லிப்ட் இல்லை. உயரமான பாறை, அதன்மேல் தயாராக ஒரு கட்டடம், செலவு மிச்சம் என்று பார்த்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கோயிலை விளக்குத் தாங்கியாக ஆக்கியதில் எனக்கும் உடன்பாடில்லைதான்.

நாங்க சிலோன்ல இருந்து கப்பல்ல வந்தப்போ ஒரு விளக்குக் கோபுரம் பார்த்த ஞாபகம் கண்ணு. அது மெட்ராஸ் விளக்கா?

இங்கே தேயிலைத் தோட்டங்களில் பல குடும்பங்கள் 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்கள். இதை ஒரு மாணவியின் பாட்டி கேட்டார்; அவரைப் போலவே இன்னும் சிலரும் கேட்டிருக்கிறார்கள். மெட்ராஸ் விளக்காக இருக்க வாய்ப்பில்லை, ஆயா. நீங்கள் ஏறியது தலைமன்னார், இறங்கியது ராமேஸ்வரம். சென்னை அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் வடக்கே.

மண்டபம் முகாமுக்குப் போக ரயில் பாம்பன் பாலம் ஏறியிருக்கும். பாலத்தை ஒட்டித் தீவின் மேற்கு முனையில் பாம்பன் கலங்கரை விளக்கம் நிற்கிறது, வெள்ளைக்காரர் காலத்தது. ரயில் மெதுவாகப் போகும்போது ஜன்னலில் பார்த்ததாக ஞாபகம் இருந்தால் அது அதுதான். இறங்கும் முன்பே கப்பலின் மேல்தட்டில் நின்று பார்த்ததாக ஞாபகம் இருந்தால் அது வேறு விளக்கு. பேத்தியிடம் எந்த இடம் என்று சொல்லி அனுப்புங்கள்.

அங்க வேலைக்குச் சேர முடியுமா மிஸ்? தனியா கோபுரத்துல இருக்கணுமா?

முடியும். மத்திய அரசின் கலங்கரை விளக்கங்கள் துறை இருக்கிறது, துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து, நீர்வழிகள் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. இரவெல்லாம் திரியைப் பார்த்துக்கொண்டு ஒற்றை ஆளாய்க் கிடந்த காலம் போய்விட்டது. விளக்கு தானாக ஏற்றிக்கொள்கிறது. இன்றைய வேலை மின்னணுக் கருவி, ரேடார், கப்பல்களின் தானியங்கி அடையாளக் கருவி, ஜெனரேட்டர் ஆகியவற்றைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்வது. அதனால் பத்தாம் வகுப்புக்குப் பிறகு எலக்ட்ரிகல் அல்லது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்க நினைப்பவர்கள் துறையின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். எங்கே போடுவார்கள் என்று கேட்டால், அந்தமான், லட்சத்தீவிலும் விளக்குகள் உண்டு. வீட்டில் முதலிலேயே பேசிவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.